கரிசக்காட்டில் தூண்டில் போடுவது எப்படி?

முதலில் தண்ணீர் வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் பாதிப் பாடம் இதிலேயே முடிந்துவிடும். வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. பெய்யாத வருஷம் கண்மாய்க்குள் ஆடு மேயும். கூடிப்போனால் 2023 டிசம்பர் மாதிரி ஆகும்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மாவட்டமே தத்தளித்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல மார்கழி வாய்த்தவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

1. கிளம்புதல்

உளுந்தும் பாசியும் காய் கறுத்து நிற்கிற நேரம். மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவல் வேறு. இப்போது தூண்டில் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் ஊர் சும்மா விடாது. கம்பை முந்தின நாளே கண்மாய்க் கரை வேலிக்கருவைக்குள் செருகி வைக்கவும். வீட்டில் கேட்டால், "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றால் போதும். போகிற வழியில் காடு இருக்கத்தானே செய்கிறது. மனசு குத்தினால் இப்படி நினைத்துக்கொள்ளவும்: வேலை பன்னிரண்டு மாசமும் கிடக்கும், கண்மாய்த் தண்ணி பங்குனிக்குத் தாங்காது.

2. சாமான்கள்

மூங்கில் கம்பு, நரம்பு, முள், துளி ஈயம். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. விதைத்த பயறைப் பொறுக்கித் தின்ற கடனுக்கு மயில்களே காட்டில் உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். ரீல் வைத்த கடைக் கம்பு கொண்டுபோனால் கூட்டம் சேரும், மீன் சேராது.

மண்புழுவுக்கு அங்கணத் தண்ணி பாயும் வாழைத் தூரைத் தோண்டி, ஈர மண்ணோடு சிரட்டையில் போட்டுக்கொள்ளவும். விரால் வேண்டுமென்றால் தவளை தேட வேண்டும். கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி, சோளம் பற்றி எது கேட்டாலும் சொல்வார்கள். தவளை பற்றிக் கேட்க வேண்டாம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயில் ஒரு பொட்டலம் மடியில் இருக்கட்டும். அது மீனுக்கு அல்ல.

3. இறங்குதல்

கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பும், குடித்ததை லேசில் விடாது. முதல் அடியில் செருப்புக்குக் கீழே ஒரு விரல் கனம் ஒட்டும். நாலாவது அடியில் நீங்கள் அரையடி உயர்ந்திருப்பீர்கள். பத்தாவது அடியில் செருப்பு அங்கேயே நிற்க, கால் மட்டும் வரும். கழற்றிக் கையில் பிடித்தால் கருவை முள் காத்திருக்கிறது. சேறா முள்ளா என்பது அவரவர் விருப்பம். மூன்று மணி வெயிலில், வாடைக் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காரவும்.

4. கடி அறிதல்

தக்கை நடுங்கி நடுங்கிப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஜிலேபிக் கெண்டை. 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் இன்று அது இல்லாத குளம் இல்லை. தக்கை சட்டென்று முங்கினால் குரவை. அசையவே இல்லை, ஆனால் புழுவைக் காணோம் என்றால் நண்டு.

கெளுத்தி விழுந்தால் அவசரம் வேண்டாம். முதுகில் ஒரு முள், செவுளை ஒட்டி இரு பக்கமும் ஒவ்வொன்று. மூன்றையும் விறைப்பாக நிறுத்திக்கொண்டு கிர்கிர் என்று சத்தம் போடும். பக்க முள்ளுக்குப் பின்னால் இரு விரலைக் கொடுத்துப் பிடிக்கவும். குத்தினால் பொழுது அடையும்வரை கடுக்கும்.

சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளித்தால் கீழே பெரிய விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே தவளையை இறக்கினால் பசியே இல்லாவிட்டாலும் கோபத்தில் கவ்வும். அதனால்தான் அங்கே இறக்கக் கூடாது.

5. ஆட்களைச் சமாளித்தல்

கண்மாய் மீன்பாசியை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் வருவார். "சும்மா ஜிலேபிதான் அண்ணாச்சி" என்று எழுந்து நிற்கவும். கட்லா கிடைத்திருந்தால் அதன்மேல் உட்கார்ந்திருக்கவும்.

அடுத்து, கரையில் ஒரு பெரியவர் வந்து குத்தவைப்பார். "ஆழம் பத்தாதுய்யா" என்பார். தக்கையை ஏற்றினால், "ரொம்ப ஆழமாப் போட்டுட்டியே" என்பார். வாதாட வேண்டாம், கம்பைக் கொடுத்துவிடவும். அவருக்கு உடனே மீன் விழும். கம்பு திரும்பி வராது.

6. கடல்தான் வேண்டும் என்பவர்களுக்கு

எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டி வைப்பாறு, வேம்பார் பக்கம் போகவும். கரிசல் ஓய்ந்து உப்பளம் தொடங்கும். ஆறு கடலில் சேரும் இடத்தில் மடவை துள்ளும். பாசி தின்கிற மீன், உங்கள் புழுவைத் திரும்பிப் பார்க்காது. கிழங்கானுக்கு முயலலாம். அந்த ஊர்ப் பொடியன்களிடம் தோற்பதில் கூச்சம் இல்லாதவர்கள் மட்டும் போகவும்.

7. திரும்புதல்

பிடித்தவரே ஆய வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். குரவைக்கும் விராலுக்கும் சாம்பலைப் போட்டுக் கல்லில் தேய்த்தால்தான் வழுவழுப்புப் போகும். தப்பவிட்ட மீனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சாண் கூட்டிக்கொள்ளலாம், ஊர் அனுமதிக்கும். ஆனால் மடையில் தண்ணி எவ்வளவு நிற்கிறது என்று யாராவது கேட்டால் ஒரு விரல்கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது. அதை நம்பி மிளகாய்க்கு இன்னொரு தண்ணி பாய்ச்சலாமா என்று ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.