மழை யாரை மிரட்டுகிறது?

கேள்வி: டி.வி.யை நிறுத்திவிட்டால் நாட்டு நடப்பு தெரியாமல் போய்விடாதுங்களா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: போகாதுங்க. நாளிதழும் வானொலியும் இருக்கின்றனவே! 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. பெட்டியோடு அதன் பேச்சும் வீட்டில் குடியேறிவிட்டது. மழையைப் பற்றிய பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை சிறுவாணி அணையை நிரப்பும். நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்தால் பேரூர், உக்கடம், சிங்காநல்லூர்க் குளங்கள் தளும்பும். கோவைக்கு அந்த மழை உயிர்நீர். டி.வி.யிலோ அது ‘மிரட்டும் மழை’! தினமும் இதையே கேட்கிறவர், தெருவில் வெள்ளம் நின்றால், தூர்ந்துபோன வாய்க்காலை விட்டுவிட்டு மேகத்தைக் குற்றவாளியாக்குகிறார். ஒரு மாதம் அணைத்துவையுங்கள். மழைக்குப் பயப்படுவது நின்று, வாய்க்கால் எங்கே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கேட்பவருக்குத்தான் நாட்டு நடப்பு உண்மையில் தெரியும்.