ஐயப்பனுக்கு எந்த டிரைவ்?

பக்திப் பாடல் பதிவு செய்கிறவன் பஞ்சாங்கம் பார்த்துத்தான் ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். ஆடிக்கு முன்னால் அம்மன் ஆல்பங்கள், கார்த்திகைக்கு முன்னால் ஐயப்பன், தைப்பூசத்துக்கு முருகன். இடையில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். வளசரவாக்கத்தில் என் வீட்டுப் படுக்கையறைதான் ஸ்டுடியோ.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு, 40 டிராக் என்றால் 1.7 ஜிகாபைட். எல்லாரும் ஒரே டேக்கில் முடித்தால் இந்தக் கணக்கு. பம்பைக்காரர் முடித்துவிடுவார். பாடுகிறவர் பணம் போட்டவருடைய மச்சான் என்றால் முடிக்க மாட்டார். டேப் காலத்தில் இந்த வம்பு இல்லை. இரண்டு அங்குல டேப்பில் 24 டிராக், வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஒரு ரீலுக்கு 33 நிமிடம்தான். விலையை நினைத்து, வேண்டாத டேக்கின் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். இப்போது மச்சானின் இருமல் உட்பட எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

சி-யில் விண்டோஸும் பதிவு மென்பொருளான கியூபேஸும், டி-யில் பதிவுகள், ஈ-யில் சாம்பிள் லைப்ரரி என்று மூன்று தனி டிஸ்க்காகப் பிரிப்பது இந்தத் தொழிலில் ஆகம விதி. சுழலும் டிஸ்க்குக்கு அதில் நியாயம் இருந்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டில் படிக்கவும் எழுதவும் அலைவது ஒரே கைதான். வயலின் சாம்பிளைப் படிக்க ஒரு மூலைக்கும் குரலை எழுத இன்னொரு மூலைக்கும் அது ஓடினால், கல்யாணப் பந்தியில் சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே ஆள் பரிமாறுகிற கதைதான். சரணத்தில் பாட்டு திக்கி நிற்கும். எஸ்எஸ்டிக்குக் கையும் கிடையாது, அலைச்சலும் கிடையாது.

இருந்தும் நான் பிரித்துத்தான் வைக்கிறேன். விண்டோஸ் போனால் மறுபடி போடலாம். சாம்பிள் போனால் மறுபடி இறக்கலாம். நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து அடித்துவிட்டுப் போன பம்பை போனால் போனதுதான். ஆனால் நம் ஆட்களைப் பாருங்கள்: காசு கொடுத்து வாங்கிய லைப்ரரிக்கு இரண்டு பேக்கப், பம்பைக்காரருக்கு ஒன்றும் இல்லை.

டி-க்குள் அடுக்குகிற பொறுப்பு என் உதவியாளர் தம்பியுடையது. "சார், சாமி வாரியா ஃபோல்டர் போட்டுடலாம்" என்றான். அம்மன், ஐயப்பன், முருகன் என்று ஒரு சீசன் அழகாக ஓடியது. அப்புறம் ஒரு கவிஞர், அண்ணன் முருகனும் தம்பி ஐயப்பனும் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு பாட்டோடு வந்து சேர்ந்தார். தம்பி யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஃபோல்டரிலும் ஒரு பிரதி போட்டான். பழனியில் ஒரு பல்லவி, சபரிமலையில் திருத்திய பல்லவி. எது சரி என்று இன்றுவரை வழக்கு.

அதைவிடப் பெரிய கூத்து உறுமியால் வந்தது. அம்மன் பாட்டில் அடித்த உறுமியை இசையமைப்பாளர் ஐயப்பன் பாட்டுக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படி இழுக்கும்போது நகல் எடுக்கச் சொல்லாவிட்டால், ப்ராஜெக்ட் அந்த ஒலிக்கோப்பு இருக்கும் விலாசத்தை மட்டும்தான் குறித்துவைத்துக்கொள்ளும். ஆவணி பிறந்ததும் இடம் போதவில்லை என்று தம்பி அம்மனை வழியனுப்பிவிட்டான். ஐயப்பனைத் திறந்தால் சரண கோஷம் மட்டும் கேட்கிறது, உறுமி மாயம். இசையமைப்பாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பதான் சார் மெலடியா இருக்கு" என்றார். பணம் போட்டவருக்கு அந்த ரசனை இல்லை. பேக்கப்பிலிருந்து உறுமியை எடுத்துப் போட்டோம்.

பேக்கப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது கணக்கு. எனக்கு வேறு இடம் தாம்பரத்தில் மாமனார் வீடு. பீரோவில் நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில் டிஸ்க்கை வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

"இதுல என்ன மாப்பிள்ளை இருக்கு?"

"பாட்டு மாமா. ஐயப்பன், முருகன், அம்மன்..."

போன மாதம் புதுப் பதிவுகளை ஏற்றப் போனபோது பீரோவில் டிஸ்க் இல்லை. பூஜையறையில் விநாயகருக்கு வலப்பக்கம் இருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். யூஎஸ்பி ஓட்டைக்குள் விபூதி. குச்சியால் அதைச் சுரண்டினேன். "செருப்பில்லாம இருக்கீங்கள்ல?" என்று கூடத்திலிருந்து கேட்டார் மாமா.