சூடேறும் மாருதியின் காரணவியல்: பரபக்கமும் சுபக்கமும்

மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினை ஏற்றும் வழக்கம் நம் பட்டறைகளில் நெடுநாளாக உண்டு. அப்படி ஏற்றிய வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு குறைகள் வந்து சேரும். சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பெட்ரோல் பிரஷர் விழுந்து வண்டி இழுக்காது. இவை இரண்டு நோய்கள் என்பது உலக வழக்கு. நோய் ஒன்றே, அதன் இருப்பிடம் எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் முழ நீள எர்த் ஒயரே என்பது இக்கட்டுரையின் துணிபு. பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து மறுத்துவிட்டுத் தன் கொள்கையை நாட்டுவது சிவஞான சித்தியார் கைக்கொண்ட முறை. சமயங்களைக் காட்டிலும் பட்டறைகளில் உட்பிரிவுகள் அதிகமாதலால் அம்முறையே இங்கும் பின்பற்றப்படுகிறது.

பரபக்கத்தில் முதலில் நிற்பவர்கள் ரேடியேட்டர்வாதிகள். எஞ்சின் பெரிது, ரேடியேட்டர் பழையது, ஆகவே சூடு என்பது இவர்கள் வாதம். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும் என்பதால் இதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால் ரேடியேட்டர் போதவில்லை என்றால் வண்டி ஏற்காட்டு மலைப்பாதையில் அல்லவா கொதிக்க வேண்டும்? அங்கே ஒழுங்காக ஏறுகிற வண்டி ஊருக்குள் நிற்கும்போது மட்டும் கொதிக்கிறது. அதிலும் ஹெட்லைட் எரியும் இரவுகளில் கூடுதலாகக் கொதிக்கிறது. இரவில் காற்று குளிர்ந்தல்லவா இருக்கும்! இதற்கு இவர்களிடம் பதில் இல்லை. இக்கூட்டத்தின் தீவிரப் பிரிவினர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவார்கள். 82 அல்லது 88 டிகிரி வரை மூடியிருக்க வேண்டிய வால்வு போனபின், ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் மார்கழி விடியலில்தான் நிற்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி இறைக்கும். சிக்னலில் மட்டும் வண்டி பழையபடி கொதிக்கும். வைராக்கியம் பாராட்டத்தக்கது.

அடுத்தவர்கள் பம்ப்வாதிகள். கார்ப்பரேட்டர் காலத்து 800-இல் பெட்ரோல் பம்ப்பை எஞ்சினே இயக்கியது. அதற்கு ஒயரே தேவைப்படவில்லை. இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு 3 பார் அளவில் பிரஷர் தரும் மின்பம்ப் வேண்டும். பிரஷர் விழுந்தால் இன்னும் பெரிய பம்ப் என்பது இவர்கள் தீர்வு. பெரிய பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்தக் கூடுதலும் அதே பழைய எர்த் ஒயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். மருந்தே நோயை வளர்ப்பதை இவர்கள் மருந்தின் அளவு போதாமையாகக் கணக்கெழுதுகிறார்கள்.

இனிச் சுபக்கம். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஓடும் வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எஞ்சினோடு பிணைந்தது. ஃபேனும் பம்ப்பும் ஹெட்லைட்டும் எர்த் எடுப்பதோ பாடியில். ஆகவே அவை தின்ற மின்னோட்டம் எஞ்சினுக்குத் திரும்ப அந்த ஒயரே பாலம். எஞ்சினை மாற்றிய அவசரத்தில் அதைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட் முறுக்கியிருப்பார்கள். 1827-இல் கேயார்க் ஓம் வெளியிட்ட விதி இதற்குப் போதும்: மூன்றும் சேர்ந்து 30 ஆம்பியர் இழுத்து, அந்த மூட்டில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால், 1.5 வோல்ட் அங்கேயே தொலையும். ஃபேன் சோம்பும், பம்ப் தளரும். இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல், பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் 2.25 ஆக இறங்கினால் பெட்ரோல் 13 விழுக்காடு குறைந்து, 12.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றிருந்த கலவை 14.4-க்குப் போய்விடும். முழு மிதியில் அத்தனை லீனாக ஓடும் எஞ்சின் தட்டும், சுடும். பிரஷர் குறைவு சூட்டைப் பெறுகிறது. சூட்டை ஆற்ற வேண்டிய ஃபேனோ அதே ஒயரால் முடங்கிக் கிடக்கிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று தடை எழலாம். காட்சி அளவையால் விடை தரலாம். முள் நிதானமாக நிற்கும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். அந்த நொடியிலேயே முள் துள்ளினால், துள்ளியது சூடல்ல; தண்ணீர் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏறுவதில்லை. எர்த் ஒயர் அறவே விட்டுப்போன வண்டிகளில் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும்; கேபிள் சுட்டு இறுகும். கிளட்ச் கனக்கிறதென்று புதுக் கேபிள் போடுவோர் தனியொரு சமயமாகவே இயங்குகிறார்கள். ஐயம் தீராதவர், எல்லாவற்றையும் ஓடவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பாடியின் வெறும் இரும்பிலும் வைக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உப்புத்தாளை எடுத்துப் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டியதுதான்.

அப்படியானால் எல்லாச் சூட்டுக்கும் எர்த்தே காரணமா என்பது கடைசித் தடை. இல்லை. எஞ்சின் ஆறியிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ஓயாமல் குமிழி விடும் வண்டிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அவற்றை ரேடியேட்டர்வாதிகளுக்கே விட்டுக்கொடுத்துவிடலாம். அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.