குரூப்ல போட்டாச்சுங்க

ஒரு பம்ப் உருவாக வார்ப்பு, கடைசல், வைண்டிங், அசெம்பிளி என்று பல கைகள் வேண்டும். கோயம்புத்தூரில் இந்தக் கைகள் ஒரே கூரைக்குள் இருப்பது அபூர்வம். வார்ப்பு அரசூர்ப் பக்கம் நடக்கும், கடைசல் கணபதியில் ஒரு சந்துக்குள் நடக்கும், அசெம்பிளி வேறெங்கோ. சொன்ன சொல் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்வதில்தான் இந்தத் தொழில் பாதி அடங்கியிருக்கிறது. முன்பு அதற்குத் துண்டுச் சீட்டும் சைக்கிளும் போதும். இப்போது ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் பதினேழு வாட்ஸ்அப் குழுக்கள், இரண்டு மின்னஞ்சல் முகவரிகள், ஒரு செயலி, அந்தச் செயலியைத் திறக்கச் சொல்லி நினைவூட்ட இன்னொரு குழு.

அப்படிப்பட்ட ஒன்றில் தகவல் தொடர்பைச் சீர்படுத்த அமர்த்தப்பட்ட மேலாளரும், ஸ்டோர் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கும் பழைய ஸ்டோர்க்காரரும் பேசிக்கொண்டது இது. ஸ்டோர்க்காரர் மேலாளரை 'சார்' என்பார். கோபம் வந்தால் 'தம்பி' ஆகிவிடும்.

மேலாளர்: அண்ணா, புது மாடலுக்கு 6205 பேரிங் இல்ல, 6206-ன்னு மாத்தியாச்சு. நேத்து ஏன் பழசையே எடுத்துக் குடுத்தீங்க?

ஸ்டோர்க்காரர்: எப்பங்க சார் மாத்துனீங்க?

மேலாளர்: போன செவ்வாய்க்கிழமை. குரூப்ல போட்டாச்சுங்களே.

ஸ்டோர்க்காரர்: எந்த குரூப்புங்க?

மேலாளர்: 'புரொடக்ஷன் அப்டேட்ஸ்'. இல்ல, இருங்க... 'புரொடக்ஷன் அப்டேட்ஸ் நியூ'.

ஸ்டோர்க்காரர்: 'நியூ'வுல நானும் இருக்கறனுங்க. செவ்வாய்க்கிழமை அதுல முருகருதானுங்க வந்தாரு. மருதமலை முருகரு நாலு, பழனி முருகரு அஞ்சு.

மேலாளர்: முருகருக்குக் கீழ பாருங்க.

ஸ்டோர்க்காரர்: கீழ நாப்பது குட்மார்னிங்கு. அதுக்குக் கீழ ஒரு பையனுக்குப் பொறந்தநாளு. அதுக்கும் கீழ ஒருத்தரு 'ஓகே சார்'னு போட்டிருக்காரு.

மேலாளர்: அதேதான்! அந்த ஓகே பேரிங்குக்குப் போட்டது. தகவல் போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம்.

ஸ்டோர்க்காரர்: அவரு கேன்டீன்காரருங்க சார்.

இரண்டு பேரிங்குகளுக்கும் உள்விட்டத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட் எந்தக் குழுவிலும் உறுப்பினர் இல்லை. அதனால் தனக்கு வந்த தகவலைப் பற்றி எதுவும் அறியாமல், 25 மில்லிமீட்டர் பேரிங்குக்குள் நுழைய மறுத்துவிட்டது.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பிவிடும் இந்தப் பழக்கம் வாட்ஸ்அப்போடு பிறந்ததல்ல. முன்பு அதற்கு ஒரு கடிவாளம் இருந்தது, அவ்வளவே. தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்த காலத்தில் நான்கைந்து படிகளுக்கு மேல் எழுத்து மங்கிவிடும். ஆறாவது ஆளுக்கு அனுப்புவது அவசியமா என்ற கேள்வியைத் தாளே கேட்டது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. 2013 ஜூலையில் அந்தச் சேவையே நின்றது. 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலைவழியே மின்னஞ்சல் அனுப்பினார். அதே 1971-ல் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், தகவல் பெருகும் இடத்தில் அது தின்று தீர்க்கும் கவனம் வற்றிவிடும் என்று எழுதினார். 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அலுவலகங்கள் அவர் சொன்னதைக் கேட்டதற்கு மட்டும் தடயமில்லை. அவரும் குரூப்பில் போட்டிருக்க வேண்டும். அந்த வசதி வர நெடுநாள் ஆயிற்று: 2016-ல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் சேரலாம் என்றார்கள், 2022-ல் 1,024 பேர். ஆள் எண்ணிக்கை நான்கு மடங்கானது. படிப்பவர் கண் இரண்டாகவே இருக்கிறது.

மேலாளர்: எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்ணா. அதுக்குப் பேருதான் டிரான்ஸ்பரன்ஸி.

ஸ்டோர்க்காரர்: மில்லுச் சங்கு கேட்டிருக்கீங்களா சார்? ஊதுனா ஷிப்ட்டுன்னு ஊருக்கே தெரியும். சோறாக்கறவங்க அதைக் கேட்டு ஒலை வெப்பாங்க. அதே சங்கை மேனேஜரு பொறந்தநாளுக்கு ஒருக்கா, முருகருக்கு ஒம்போது தடவைன்னு ஊதியிருந்தா, ஷிப்ட்டுக்கு எவன் வருவான்?

மேலாளர்: முக்கியமானதுக்கு 'அர்ஜென்ட்'னு தனியாப் போடறமே.

ஸ்டோர்க்காரர்: பட்டிப் பொங்கலன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டீங்க. மாட்டை அப்படியே விட்டுப்போட்டு வெசையா ஓடியாந்து பாத்தா, காலண்டருக்கு எந்த டிசைன் நல்லாருக்குன்னு ஓட்டெடுப்பு.

வேலை நேரம் முடிந்தபின் இப்படி வரும் செய்திகளைப் பார்க்காமலிருக்க உரிமை வேண்டும் என்று பிரான்ஸ் 2017 ஜனவரியிலிருந்து சட்டம் வைத்திருக்கிறது. இந்திய மக்களவையிலும் 2018 இறுதியில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, வந்ததோடு சரி. காலண்டர் ஓட்டெடுப்பில் கேன்டீன்காரர் 'ஓகே சார்' என்று வாக்களித்திருந்தார்.

மேலாளர்: பழைய காலத்துல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சாண்ணா?

ஸ்டோர்க்காரர்: என்ற மாமன் தாலூக்கா ஆபீசுல கிளார்க்குங்க. ஒரு தபால் வந்துச்சுன்னா அதுக்கு நம்பரு. அந்த நம்பரு ஒரே ஒரு ஆளோட பதிவேட்டுல ஏறும். அது முடியற வரைக்கும் அந்த ஆளு கழுத்துலதான் தொங்கும். கடைசீல ஒரு முடிவு எழுதியே ஆகோணும்.

மேலாளர்: அதே ஆபீஸ்லதான ஃபைல் வருஷக்கணக்கா தூங்கும்?

ஸ்டோர்க்காரர்: தூங்குமுங்க. எந்த மேசையில தூங்குதுன்னு தெரியுமே! உங்க பேரிங் எங்க தூங்குச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்?

அவர் சொன்னது சென்னை மாகாணத்து மாவட்ட அலுவலகங்களில் வேரூன்றிய டாட்டன்ஹாம் முறை. வந்த தாள் ஒவ்வொன்றும் ஒரு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். வேலை முடிந்ததும் அது நிரந்தரமாக வைக்க வேண்டியதா, பத்தாண்டு வைக்க வேண்டியதா, சீக்கிரம் அழிக்க வேண்டியதா, வந்த இடத்துக்கே திருப்ப வேண்டியதா என்று வகை பிரித்து முடிவு கட்டுவார்கள். தாமதத்துக்குப் பேர்போன முறை, சந்தேகமில்லை. ஆனால் ஒரு தாளுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, ஒரு சாவும் உண்டு. குரூப்பில் போடப்பட்ட செய்திக்கு இரண்டும் கிடையாது. அது மேலே நகர்ந்து போகிறது, அவ்வளவே.

குழுக்களைக் குறைக்க நடந்த கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் நடந்தது; கூட்டத்துக்குப் பின் பதினெட்டு குழுக்கள் இருந்தன.

மேலாளர்: எதுவும் தெரியாமப் போறதுக்கு, ரெண்டு மெசேஜ் அதிகமாப் போறது தப்பில்லைங்கண்ணா. சேஃப்டி விஷயத்துல நான் ஒரு மெசேஜ்கூட விட்டதில்ல.

ஸ்டோர்க்காரர்: ஐப்பசி மழையில ஸ்கிராப் நனைஞ்சுதே, அதுக்கும் போட்டீங்களா?

மேலாளர்: காலைல ஆறே முக்காலுக்கே குரூப்ல போட்டாச்சுங்களே. 'ஈர ஸ்கிராப்பை ஃபர்னஸ்ல போடக்கூடாது.' ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

ஸ்டோர்க்காரர்: ஃபர்னஸ் முன்னால நின்னது ஆருங்க தம்பி?

மேலாளர்: அந்த ஒடிசாப் பையன்.

ஸ்டோர்க்காரர்: அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?

மேலாளர்: இங்கிலீஷ்லயும் போட்டேன்.

ஸ்டோர்க்காரர்: அவன் போன் எங்க இருந்துச்சு?

மேலாளர்: கேட்ல. ஷாப் ஃபுளோர்ல போன் கூடாதுன்னு ரூல் இருக்கே.

ஸ்டோர்க்காரர்: அந்த ரூலை ஆரு போட்டது? அதையும் குரூப்லதான போட்டீங்க! போனைப் புடுங்கி கேட்டுல வெச்சுக்கிட்டு, அந்தப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கீங்க. நனைஞ்ச இரும்பு உள்ள போயிக் கொழம்பு வெடிச்சு அவன் கையில தெறிச்சுது. விசாரணையில நீங்க ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுனீங்க. கட்டுப்போட்ட கையோட அவன் நிக்கறான். 'தகவல் தெரிவிக்கப்பட்டும் கவனிக்கவில்லை'ன்னு எழுதி அவனுகிட்டயே கைநாட்டு வாங்குனீங்க. அது தகவலில்லீங்க தம்பி. உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்ட முன்ஜாமீன்!

உருகிய இரும்பு 1,400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். அதற்குள் அமிழும் தண்ணீர் நொடியில் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும். மேலே இருக்கும் இரும்புதான் அதற்கு வழிவிட வேண்டும். வார்ப்பட்டறையில் வேலை பழகும் எவரும் முதலில் கற்கும் பாடங்களில் இது ஒன்று. எச்சரிக்கை எங்கே, எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதும் புதிய கேள்வி அல்ல. சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும், வாசலருகே கண்ணில் படும்படி, அழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 108-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. அனுப்பியதற்கு ஆதாரம் வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. படிப்பவன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் கேட்டது. நவீன மேலாண்மை இரண்டையும் இடம் மாற்றிவிட்டது: ஆதாரம் பத்திரமாக இருக்கிறது, கண்தான் கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

மேலாளர் சற்று நேரம் போனைப் பார்க்கவில்லை. இது இந்த உரையாடலில் முதல் முறை.

மேலாளர்: சரிங்கண்ணா. என்னதான் பண்ணோணும்ங்கறீங்க?

ஸ்டோர்க்காரர்: ஃபர்னஸ் பக்கத்துல ஒரு கரும்பலகை. ஒடியாவுல, இந்தியில, தமிழ்ல. அன்னிக்கு என்ன ஆபத்தோ அது மட்டும். நனைஞ்ச ஸ்கிராப்புத் தொட்டியில ஒரு செவப்பு அட்டை. ஷிப்ட்டு மாறயில சூப்பர்வைசரு ஆளு முன்னால நின்னு வாயால சொல்லோணும். புரிஞ்சுதான்னு அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லோணும்.

மேலாளர்: போர்டுல யார் யார் எழுதலாம்?

ஸ்டோர்க்காரர்: சூப்பர்வைசரு மட்டும். புதுசு எழுதறதுன்னா பழசை அழிச்சுப்போட்டுத்தான் எழுதோணும்.

மேலாளர்: அழிச்சுட்டா ரெக்கார்டு? பேரிங் மாத்தறதெல்லாம் எழுத்துல வேணுமே.

ஸ்டோர்க்காரர்: அதுக்குச் சீட்டு இருக்குதுங்க. டெலிவரி சலானாட்டம் மூணு காப்பி.

ஜி.எஸ்.டி. விதிகளின்படி சலான் மூன்று படிகளாகத்தான் போடப்படுகிறது: சரக்கைப் பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, அனுப்பியவருக்கு ஒன்று. ஜாப் ஒர்க்குக்குப் போன வார்ப்பு எங்கே நிற்கிறது என்பதைக் கோயம்புத்தூர் இன்றும் அந்தச் சலானை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

ஸ்டோர்க்காரர்: டிராயிங் ஆபீசுக்கு ஒண்ணு, ஸ்டோருக்கு ஒண்ணு, அசெம்பிளிக்கு ஒண்ணு.

மேலாளர்: எனக்கு ஒரு காப்பி?

ஸ்டோர்க்காரர்: மூணுதானுங்க சார்.

மேலாளர்: அப்ப எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டோர்க்காரர்: ஃபர்னஸ் இங்கிருந்து நாப்பது தப்படிங்க. பலகையை நேர்லயே பாத்துக்கலாம்.