ஒலிவாங்கி வேண்டாம், கயிறு போதும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கடை பிள்ளையளை அம்பாப் பாட்டுப் பாடவைக்க ஏதும் வழி இருக்கோ?
– வாசகர் ஒருவர், சண்டிலிப்பாய்

பதில்: இருக்கிறது. ஒலிவாங்கியை வாங்கி வைத்துவிட்டு, கையில் ஒரு கயிற்றைக் கொடுங்கள்! அம்பா மேடைக்குப் பிறந்த பாட்டில்லை, வலை இழுக்கும் கடற்றொழிலாளரின் பாட்டு. கரைவலை இழுக்கும்போது அத்தனை பேருடைய பலமும் ஒரே நேரத்தில் விழவேண்டும். அந்தக் கணக்குத்தான் 'ஏலேலோ'. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுப் பாடி இழுப்பார்கள். சுருதி பிசகினால் மீன் மன்னிக்கும். தாளம் பிசகினால் வலை மன்னிக்காது.

உங்கள் பிரதேச செயலகப் பிரிவிலேயே மாதகல் கடற்கரை இருக்கிறதே! ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போங்கள். வயதான கடற்றொழிலாளரிடம் "ஐயா, ஒரு பாட்டுச் சொல்லுங்கோ" என்றால் மறந்துபோச்சு என்பார். கயிற்றைப் பிடித்தால் கை ஞாபகப்படுத்தும். தாமதிக்க வேண்டாம். உழவு இயந்திரம் வலை இழுக்கத் தொடங்கிய கரைகளில் பாட்டுக்கு வேலை போய்விட்டது, அதுதான் என் கவலை.

இளையவர்களுக்குப் பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். 2021 தொடக்கத்தில் ஸ்கொட்லாந்துத் தபாற்காரர் நேதன் எவன்ஸ் பாடிய 'வெல்லர்மன்' என்ற பழைய நியூசிலாந்துக் கடற்பாட்டு டிக்டொக்கில் பரவியபோது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அதற்குக் குரல் சேர்த்தார்கள். பின்பாட்டுக்கு இடம் விட்டால் பிள்ளைகள் தாமாக வருவார்கள். புது அடிகளையும் அவர்களே கட்டட்டும். பரீட்சையும் பஸ்ஸும் கன்ரீன் தேத்தண்ணியும் அந்தப் பாட்டு வலையின் மடிக்குள் வந்து விழட்டும்.