கைபடாத கணக்கு

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் தெருமுனை ஃப்ளெக்ஸ்களைப் பார்க்கவே பரவசமாக இருக்கும். ‘ப்ளே வே மெத்தட்’, ‘ஆக்டிவிட்டி மேத்ஸ்’, ‘மாண்டிசோரி’. கீழே கோட்டு சூட்டில் கைகூப்பி நிற்கும் தாளாளர். உள்ளே போனால் ‘ஆக்டிவிட்டி ஃபீஸ்’ என்று தனி வரி. ஐந்து வயதுப் பிள்ளை விளையாடுவதற்கும் கப்பம்! பேரம் பேசாமல் கட்டிவிட்டு வருகிறோம்.

சரி, கட்டிய காசுக்கு என்ன விளையாடுகிறார்கள்? யூகேஜி வகுப்பின் மூலையில் ஓர் இரும்பு பீரோ. உள்ளே மணிச்சரங்கள், வண்ணக் குச்சிகள், மர எண்கள், பெரும்பாலும் கவர்கூடப் பிரிக்காமல். சாவி தலைமையாசிரியை மேசையில். “குடுத்தா தொலைச்சிடுவாங்க சார்.” பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள் பீரோ திறக்கும். சிவப்பாய், சூட்டிகையாய் நாலு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தரையில் உட்காரவைத்து, ஆளுக்குப் பத்து மணி கொடுத்து, “சிரிடா கண்ணா” என்று போட்டோ. அது வாட்ஸ்அப் குழுவில் ஏறுவதற்குள் மணிகள் பீரோவுக்குள் ஏறிவிடும். மிச்ச வருஷம் முழுக்க கட்டம் போட்ட நோட்டில் 1 முதல் 100 வரை எழுத்து, இரண்டாம் வாய்ப்பாடு ஐந்து தடவை; வீட்டுக்கும் அதே பாடம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. அதையும் பத்திரமாக அந்த பீரோவில்தான் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

பதாகையில் பேர் போட்டுக் கல்லா நிரப்புகிறார்களே, அந்த மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கியது கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கான இடம். அங்கும் முதலில் அலமாரிக்குப் பூட்டு இருந்தது. ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட, பிள்ளைகள் தாங்களாகவே வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரி, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகளைச் செய்யச் சொன்னார். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் வாழ்ந்தவர். நம் தாளாளர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதோ, பூட்டை மட்டும்.

கொடுமை என்னவென்றால், இதற்கெல்லாம் இறக்குமதி மணியே தேவையில்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, தன் பக்கம் ஏழு குழி. ஐந்தாம் வாய்ப்பாடு 35 வரைக்கும் விரல் வழியாக ஏறிவிடும். முதல் ஆட்டத்தில் தோற்றவள் கையில் 23 கொட்டை மிஞ்சினால் நாலு குழிதான் நிரம்பும், மூன்று மீதி. ஈவு, மீதி என்று யாரும் சொல்லித்தராமலே ஆறு வயதில் வகுத்துவிடுகிறாள். தப்பாக எண்ணினால் எதிரில் இருப்பவள் கையைப் பிடிப்பாள்; சிவப்பு மையும் இல்லை, முட்டி போடவும் வேண்டாம். தாயக்கட்டையில் இரண்டும் மூன்றும் விழுந்தால் ஐந்து என்று கண்ணே சொல்லிவிடும். இதையெல்லாம் நாம் என்ன செய்தோம்? பாட்டியின் பல்லாங்குழிப் பலகைக்கு வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைத்தோம். “தொடாதே, ஆன்டிக்” என்று பேத்தியை அதட்டி, அபாகஸ் வகுப்புக்கு அனுப்பினோம்.

அரசுப் பள்ளிகளில் இப்படி விளையாட்டாய்க் கற்பிப்பதைச் செய்து பார்க்கவில்லையா? செய்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் அட்டை, பாய், கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை எல்லாம் இருந்தன. நாம் என்ன சொன்னோம்? “அங்க எங்க படிப்பு? பாயில உக்காந்து விளையாடுதுங்க.” சொல்லிவிட்டு, அதே விளையாட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினோம். 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. நல்ல திட்டம். ஆனால் பிள்ளை குச்சி அடுக்குவதைப் பார்க்க வேண்டிய டீச்சர், அந்தப் பிள்ளை எந்த நிலை, அரும்பா மொட்டா மலரா என்று செல்போனில் ஏற்ற சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறார். பிள்ளை எண்ணியதோ இல்லையோ, துறை எண்ணிவிட வேண்டும்.

அடுத்த முறை சேர்க்கைக்குப் போகும்போது ஏசி இருக்கிறதா, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்று கேட்டு மானத்தை வாங்காதீர்கள். பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். மணிகளில் அழுக்கும், குச்சிகளில் பல் பட்ட தடமும், எண்ணிக்கையில் நாலைந்து குறைவும் இருந்தால் அங்கேயே பிள்ளையைச் சேருங்கள். எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளத்தால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.