‘நம்ம வீடு மாதிரி’ செய்து தரும் வள்ளல் பெருமானுக்கு ஒரு வாழ்த்து

ராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஈறாகப் பாலாற்றுப் படுகையில் பரந்து கிடக்கும் தோல் சீமை எத்தனையோ பெருமக்களைப் பெற்றெடுத்திருக்கிறது. ஆனால் கலைமகளின் கடைக்கண்ணும் திருமகளின் முழுப் பார்வையும் ஒருங்கே பெற்ற ஒருவரைக் காட்டச் சொன்னால், பழைய வீட்டைப் புதுப்பித்துத் தரும் கான்ட்ராக்டர் பெருந்தகையைத்தான் காட்ட வேண்டும். அவர் புகழை முறையாக எழுதி வைக்காமல் போனோம் என்ற பழி நம் தலைமுறைக்கு வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே அவர் அருளும் திருவாக்கு ஒன்று உண்டு: “நம்ம வீடு மாதிரி நெனச்சு செஞ்சு தர்றேன், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க.” ஆம்பூரானால் முன்னே ‘பாய்’ சேரும், சத்துவாச்சாரியானால் ‘சார்’ சேரும், வாக்கு மாறாது. சொன்ன சொல்லை இவ்வளவு உண்மையாகக் காப்பாற்றும் உத்தமர் இந்தக் கலிகாலத்தில் வேறெவர்? அன்று முதல் அந்த வீடு அவருடைய வீடேதான். சாவி அவரிடம், சிமென்ட் மூட்டை அவரிடம், நம் பணம் அவரிடம். நாம் மட்டும் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு.

அவருடைய எஸ்டிமேட்டின் எளிமையைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் போதும் அவருக்கு. சதுர அடிக்கு இவ்வளவு, மெட்டீரியலோடு. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு தொகை. எந்தக் கம்பெனி சிமென்ட், எத்தனை மில்லிமீட்டர் கம்பி, என்ன டைல்ஸ், எந்தத் தேதிக்குள் முடியும் என்ற அற்பச் செய்திகளால் அந்தத் தாளை அவர் மாசுபடுத்துவதில்லை. கையெழுத்தும் இடுவதில்லை. இரண்டு மனிதருக்கு இடையே நம்பிக்கை இருக்கும்போது மை எதற்கு?

அடுத்து அட்வான்ஸ். கொடுத்துக் கொடுத்துச் சிவந்தது கர்ணன் கை என்பார்கள். வாங்கி வாங்கிச் சிவந்த கையைப் பாட மட்டும் புலவர்கள் இல்லாமல் போனார்களே! ஒரு செங்கல் பெயர்க்கும் முன்னே மொத்தத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளும் பெரிய மனம் அவருக்கு. அந்தத் தொகை நம் வீட்டில் வீணாய்த் தூங்குவதையும் அவர் பொறுப்பதில்லை. குடியாத்தத்தில் பாதியில் நிற்கும் இன்னொருவர் வீட்டுக்கு உடனே அனுப்பிவைக்கிறார். நம் வீடு பாதியில் நிற்கும்போது வாணியம்பாடியில் எவரோ கொடுக்கும் அட்வான்ஸ் நமக்கு வரும். முன்பின் அறியாத குடும்பங்களை ஒருவர் கடனில் ஒருவர் வாழச் செய்யும் இந்தச் சமரச சன்மார்க்கத்தை எந்த மடாதிபதி கண்டார்?

இடிக்கும் வேலையில் அவர் காட்டும் ஈகையோ சொல்லில் அடங்காது. தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாய் அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த தளம். “இந்தக் குப்பைய எல்லாம் நானே அள்ளிக்கிட்டுப் போயிடுறேன்” என்று பெருமான் முன்வருகிறார். உத்தரம், கதவு, நிலை, பித்தளைத் தாழ்ப்பாள் என்ற குப்பையெல்லாம் அன்று இரவே, தனி வண்டியில், அவர் சொந்தச் செலவில் போகிறது. சுண்ணாம்புக் காரையும் உடைந்த செங்கல்லும் என்ற செல்வத்தை மட்டும் நம் வாசலில் நமக்கே விட்டுச் செல்கிறார்.

ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்க வேண்டும் என்று நாம் வாய் திறந்த மறுநாள் அந்தச் சுவர் இராது. பழைய வீட்டில் கான்கிரீட் தூணும் கிடையாது, பீமும் கிடையாது. மேல்தளத்தின் பாரம் முழுவதும் சுவர் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. கை வைக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டு, தளத்துக்கு முட்டுக் கொடு, பீம் போட்டுவிட்டுச் சுவரை எடு என்றெல்லாம் படித்த கோழைகள் சொல்வார்கள். அஞ்சா நெஞ்சர் அவர். சம்மட்டியைக் கையில் எடுத்தால் கணக்குப் பார்ப்பது வீரனுக்கு அழகா?

இனி, இந்தச் சீமைக்கே உரிய அவருடைய தனிப்பெருங் கலைக்கு வருவோம்: தண்ணீர். தோலைக் கெடாமல் காக்க உப்பிடுகிறோம். பதனிடும்போது முதலில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி விடுகிறோம். அது பல காலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது ஊரறிந்த கதை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே பதிவானது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்கு அது. நெல்லும் வாழையும் தாங்காத அந்தத் தண்ணீரைப் பார்த்து உழவன் கண்ணீர் விட்டான். நம் பெருமானோ அதில் கான்கிரீட் கலந்தார்! உலகம் ஒதுக்கியதை அரவணைக்கும் உள்ளம் அது.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 என்ற தேசியத் தர விதி முணுமுணுக்கிறது. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் தளத்தின் அடிப்பாகம் வெடித்துப் பாளம் பாளமாகக் கட்டிலின் மேல் விழும். பெருமான் இதற்கெல்லாம் ஆய்வுக்கூடம் போவதில்லை. போர் மோட்டாரைப் போட்டு, கையில் ஏந்தி, ஒரு வாய் வைத்துத் துப்பி, “லேசா உப்பு, ஒண்ணும் ஆகாது” என்று அருள்வாக்குச் சொல்கிறார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் தண்ணீர் போதும் என்றால், வேலை செய்பவர் கை வலிக்குமே என்ற கருணையால் கலவை கஞ்சியாகும் வரை ஊற்றச் சொல்கிறார்.

கலக்கும்போது அள்ளி வழங்கியவர், தளம் போட்ட பின் தவசியாகிறார். சாதாச் சிமென்டுக்கு 7 நாளாவது, கலப்புச் சிமென்டானாலும் வறண்ட வெயிலானாலும் 10 நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் கட்ட வேண்டும் என்பது அதே விதி. வேலூர் வெயிலில் தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தினால் கொசு வந்து நமக்குக் காய்ச்சல் வருமே என்று அவர் அஞ்சுகிறார். மூன்றாம் நாள் காலை தளத்தில் மயிரிழை மயிரிழையாக ஓடும் கோலங்கள் அவர் கைவண்ணம். கோலத்துக்குத் தனிக் காசு கேட்பதில்லை.

குளியலறையில் வாட்டத்தைக் கதவுப் பக்கம் வைத்தார். ஒருவர் நீராடிய பயனை ஹாலில் இருப்போரும் பெற வேண்டும் என்ற சமத்துவம். டைல்ஸைக் காசால் தட்டிப் பாருங்கள்: கல்லுக்கடியில் கலவை நிறையாத இடங்களில் ‘டொக் டொக்’ என்று மிருதங்கம் கேட்கும். வீட்டுக்குள் சங்கீதமும் வைத்துக் கட்டியவர்!

கரணை பிடிக்கும் கொத்தனாரையும் பாண்டு சுமக்கும் சித்தாளையும் அவர் பேணும் விதம் தனிக் காவியம். சனிக்கிழமை மாலை கூலிக்காக அவர்கள் அவர் வாசலில் நிற்கிறார்கள். பெருமான் போனை எடுப்பதில்லை. வெயிலில் வேலை செய்தவர்களுக்குப் பொறுமை என்னும் பெரும் பாடத்தைக் கூலிக்குப் பதிலாகவே வழங்கிவிடுகிறார். மறு திங்கள் ஆள் வருவதில்லை. “ஆளே கெடைக்கல சார், எல்லாம் ஒடம்புக்கு நோகாம சம்பாதிக்கணும்னு பாக்குறானுங்க” என்று உழைப்பின் மாண்பு அழிவதை எண்ணி வருந்துகிறார்.

பொதுப்பணிகளில் இந்தக் குலத்தோர் காட்டிய திறம் நாடறிந்தது. பொலிவுறு நகரமாகத் தேர்வான வேலூரில், 2022 ஜூனில், காளிகாம்பாள் கோயில் தெருவில் சிமென்ட் சாலை போட்டவர்கள் ஓரமாக நின்ற மோட்டார் சைக்கிளை நகர்த்தி அதன் உறக்கத்தைக் கெடுக்க மனமின்றிச் சக்கரங்களோடு சேர்த்தே கான்கிரீட்டில் பதித்தார்கள். அதே ஆண்டு சத்துவாச்சாரியில் கால்வாய் கட்டியவர்கள் அடிகுழாயைப் பெயர்த்துத் துன்புறுத்தாமல் அதையும் உள்ளடக்கியே கட்டினார்கள். சென்னைப் புளியந்தோப்பில் 2021இல் புதிய குடியிருப்பின் பூச்சு விரல் பட்டதும் உதிர்ந்தது. சட்டமன்றம் பேசியது, ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து ஆராய்ந்தார்கள். நம் வீட்டுச் சுவரும் அப்படித்தான் உதிர்கிறது. ஆராய மட்டும் யாரும் வருவதில்லை. அவ்வளவு அடக்கம் அவருக்கு.

வேலூர்க் கோட்டையைக் கட்டியவர்களோ ஈவிரக்கமற்றவர்கள். 16ஆம் நூற்றாண்டில் கருங்கல்லை அடுக்கிவிட்டுப் போனார்கள்; இன்னும் நிற்கிறது. பின்னால் வரும் கான்ட்ராக்டர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டே என்று ஒரு கணம் நினைத்தார்களா? நம் பெருமான் ஐப்பசி மழைக்கே அடுத்த கான்ட்ராக்டருக்கு வேலை வைத்துவிடுகிறார்.

சட்டமும் அவர் முன் கைகட்டி நிற்கிறது. ‘ரெரா’ என்னும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்குமாடி கட்டி விற்கும் பெரும் புள்ளிகளைப் பிடிக்கும். சொந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு அது வராது. நுகர்வோர் சட்டம் மட்டும் 1993 முதல் வீடு கட்டித் தருவதையும் சேவை என்று சேர்த்துக்கொண்டு கொஞ்சம் துடுக்காக நடக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் முதலில் கேட்பார்கள்: ஒப்பந்தம் எங்கே, ரசீது எங்கே? கல்யாணப் பத்திரிகையின் மகிமை அப்போதுதான் நமக்கு விளங்கும். “பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு” என்று அன்றே நம்மைக் காத்தாரே, எவ்வளவு தொலைநோக்கு! நம்மைக் காத்ததாக நாமும் மகிழ்ந்தோம்.

ஆம், அவரை மட்டும் பாடினால் பாதிப் பாட்டுத்தான். அவரை உருவாக்கி வளர்த்த நம்மையும் பாட வேண்டும். உலகமே மெச்சும் கண் நம் கண். மேசையில் விரித்த தோலைச் செலக்சன் பார்க்கும்போது உண்ணி கடித்த புள்ளியும், உரித்த கத்தியின் கீறலும் நம் பார்வைக்குத் தப்பாது. கேட்ட கனத்தில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் குறைந்தால் லாட்டையே திருப்புவோம். ஐரோப்பாவில் 2015 முதல் ஒரு கிலோ தோலில் குரோமியம்-6 மூன்று மில்லிகிராமை எட்டினால் விற்க முடியாது என்றதும், ரிப்போர்ட் இல்லாமல் ஒரு ஜோடி ஷூவைக்கூடக் கப்பலேற்றாத ஒழுக்கம் கற்றோம். முகம் தெரியாத ஒரு ஜெர்மானியரின் கால் விரலுக்காக இவ்வளவு. நம் பிள்ளைகள் தூங்கும் அறையின் தளத்துக்கு ஊற்றும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப மட்டும் நமக்குத் தோன்றவில்லை. அயலானை நம்மினும் மேலாக நேசிக்கும் இந்தப் பண்பை வேதங்களும் மெச்சும்.

ஆகவே இத்தகைய பெருமானின் மனம் நோகும் காரியங்களைத் தவறியும் செய்யாதீர்கள். வேலையின் விவரம், பொருளின் தரம், முடியும் தேதி, தாமதத்துக்குப் பிடித்தம் ஆகியவற்றை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்காதீர்கள், கூசிப் போவார். அவர் ஏற்கெனவே செய்த மூன்று வீடுகளின் முகவரி வாங்கி, ஒரு மழைக்காலம் கடந்த வீடாகப் பார்த்து, அங்குள்ள பெண்களிடம் குளியலறையைப் பற்றிக் கேட்காதீர்கள். சுவரைத் தொடும் முன் இன்ஜினியரை அழைக்காதீர்கள். இடிப்பு, தளம், பூச்சு, தரை என்று முடிந்த வேலைக்கு மட்டுமே பணம் தருவேன் என்று கறார் பேசாதீர்கள். உத்தரத்தையும் கதவையும் எண்ணி எழுதி வைக்காதீர்கள். பில் கேட்காதீர்கள், வங்கி வழியாகப் பணம் அனுப்பாதீர்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை அடுத்த மழை வரை நிறுத்திவைக்கும் கொடுமையைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

இத்தனை அவமதிப்பையும் முகம் சுளிக்காமல் ஏற்று, கையெழுத்துப் போட்டு வேலைக்கு வரும் சாமானியக் கான்ட்ராக்டர்களும் இந்தச் சீமையில் இருக்கத்தான் செய்கிறார்கள். பாட்டில் பாட அவர்களிடம் என்ன இருக்கிறது? சொன்ன தேதிக்கு வருகிறார்கள், சனிக்கிழமை கூலி கொடுக்கிறார்கள், கணக்குக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் வீட்டை ஒப்படைத்த பாவிகளுக்கு, பெருமானை இப்படி வாய் நிறைய வாழ்த்தும் பேறு ஒரு நாளும் கிட்டப் போவதில்லை.